கரித்தூள் படமும் நான் வைத்த காவலும்

கேலரி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமை, கொஞ்சம் எரிச்சல். பொறாமை ஏனென்றால், காற்றில் ஈரம் எவ்வளவு என்று சொல்ல உங்களுக்குக் கருவி இருக்கிறது. நாங்கள் உப்பு ஜாடியைத் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். எரிச்சல் ஏனென்றால், ஒரு படத்தில் கீறல் என்றதும் உங்களில் பாதிப்பேர் முதலில் பார்ப்பது படத்தை அல்ல, பக்கத்தில் நிற்கும் பியூனின் முகத்தை. போன வாரம்கூடப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு போய்விட்டேன், வீட்டில் போய்த் தூக்கம் வரவில்லை. அந்தப் பார்வையில் நான் கெட்டிக்காரனாக இருந்தவன். அதனால் ஒரு மனுஷனைக் குடும்பத்தோடு கெடுத்தவன். அதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். பெருமைக்கு இல்லை.

நாற்பதுகளில் பம்பாய் மாட்டுங்காவில், டிராம் திரும்பும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு கட்டிடத்தின் மாடியில் எங்கள் கூடம் இருந்தது. கீழே காப்பி ஹோட்டல், மேலே படக்காட்சி. சாம்பார் வாசனையோடு ஓவியம் பார்த்த ஊர் உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். ஒரு கமிட்டி நடத்தியது. செக்ரட்டரி பாலக்காட்டுக்காரர், ரயில்வேயில் பெரிய வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். படங்களைப் பொறுப்பேற்றுக் காப்பது நான். மாட்டுவது, இறக்குவது, பூசணம் துடைப்பது, தினமும் காலையில் ஒவ்வொரு படத்தையும் பார்த்து அதன் நிலைமையை ரிஜிஸ்டரில் எழுதுவது, எல்லாம் என் வேலை. கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் குடியிருந்தேன். கூடத்தைப் பெருக்குவது, விளக்கு, பூட்டு இதெல்லாம் சுடலைமுத்து அண்ணாச்சி. அவரும் திருநெல்வேலிச் சீமைதான். மாடிப்படிக்குக் கீழே ஒரு கோலி, அறையைப் பம்பாயில் அப்படித்தான் சொல்வோம், அதில் மனைவி, மகள் பேச்சியம்மாளோடு இருந்தார். தாராவியில் தோல் பதனிடும் இடத்து மேஸ்திரி ஒருவரின் பையனுக்குப் பேச்சியை நிச்சயம் செய்திருந்தார்கள். அண்ணாச்சிக்கு அந்த நாட்களில் பேச்சு முழுக்க அதுதான். விளக்கைத் துடைத்தாலும் கல்யாணம், பூட்டைத் திறந்தாலும் கல்யாணம்.

ஜப்பானில் அணுகுண்டு விழுந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அரிசிக்கு ரேஷன். 'அணு' என்று யாராவது சொன்னால் எதிரில் இருப்பவர் ஒரு அடி தள்ளி உட்காருவார். அந்த நேரம் பார்த்து விசாலம் அம்மாள் அணுவைப் பற்றிய படங்களோடு வந்தார். பெண்கள் காலேஜ் ஒன்றில் பிசிக்ஸ் டெமான்ஸ்ட்ரேட்டர். ஆய்வுக்கூடத்தில் மாணவிகளுக்குச் சோதனை செய்து காட்டுகிற வேலை. செக்ரட்டரிக்குத் தூரத்து உறவு, இல்லாவிட்டால் உள்ளேயே விட்டிருக்க மாட்டார். ஒரு படத்தில் ஒரே ஆள் ஒரே சமயத்தில் இரண்டு வாசல் வழியாக நுழைகிறான். இன்னொன்றில் ஒரு பந்து சுவரைத் தாண்டாமலே அந்தப் பக்கம் இருக்கிறது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் நீலத்தை அவர் போட்டிருந்த அழகு பிடித்திருந்தது.

கடைசிப் படம்தான் வில்லங்கம். அது சுவரில் மாட்டுவதே இல்லை. ஒரு மேஜைமேல் பெரிய மரத்தட்டு, அதில் வழுவழுப்பான வெள்ளைக் காகிதம், காகிதத்தின்மேல் விளக்குக் கரியை மெல்லிய துணியில் கட்டித் தட்டித் தட்டிப் படியவிட்ட ஒரு கருமேகம். நடுவில் அடர்த்தி, ஓரம் போகப் போக ஒன்றுமில்லை. கோந்து கிடையாது, பசை கிடையாது, கரி சும்மா உட்கார்ந்திருக்கிறது. 'எலெக்ட்ரான் எங்கே?' என்று ஓர் அட்டை.

"காசிம், மூணே மூணு விஷயம்," என்றார் அந்த அம்மாள். "கண்ணாடி வைக்கப்படாது. ஃபேன் போடப்படாது. ஜன்னலைத் திறக்கப்படாது. அவ்வளவுதான்."

"கலைஞ்சிடுமே அம்மா?"

"பாத்துக்கோங்கோ," என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சிரிப்பே எனக்குச் சந்தேகமாக இருந்தது. கேட்டிருக்க வேண்டும். கேட்டால் படிக்காதவன் என்று தெரிந்துவிடுமே என்று கேட்கவில்லை.

மற்றப் படங்களுக்கு ரிஜிஸ்டரில் இரண்டு வரி எழுதினால் போதும். இதற்கு என்ன எழுதுவது? நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு மரச்சட்டத்தில் அங்குலத்துக்கு ஒரு நூல் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, தட்டின்மேல் வைத்தேன். கட்டம் கட்டமாகக் குனிந்து பார்த்து, எந்தக் கட்டத்தில் எவ்வளவு கறுப்பு என்று கட்டம் போட்ட காகிதத்தில் பென்சிலால் நகல் எடுத்தேன். முழுசாக எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. இடுப்பு ஒடிந்துவிட்டது. ஆனால் இப்படி ஒரு வேலையைப் பம்பாயில் எவனும் செய்திருக்க மாட்டான் என்று எனக்கு மண்டைக்கனம் தாங்கவில்லை.

மறுநாள் காலை மறுபடி எடுத்து இரண்டையும் ஒப்பிட்டேன். மேகம் நகர்ந்திருந்தது.

கொஞ்சம்தான். ஆனாலும் நகர்ந்திருந்தது. ஃபேன் இல்லை, ஜன்னல் இல்லை. காற்று இல்லையென்றால் கை. வேறென்ன? அன்றைக்கே பார்வையாளர் புத்தகத்தைப் புரட்டினேன். யாரோ ஒருவர், 'லட்சம் பேரைக் கொன்றதற்குப் படம் வேறா? இதைக் கொளுத்த வேண்டும்' என்று எழுதியிருந்தார். செக்ரட்டரியிடம் காட்டினேன். அவர் முகம் சுண்டிவிட்டது.

"ஏம்ப்பா, போலீஸ்காரன் வேற நேத்து வந்து, அணுன்னு போட்டிருக்கே, என்ன விஷயம்னு கேட்டுட்டுப் போனான். ஏதாவது ஆச்சுன்னா கூடத்தையே மூடிடுவா. எவன்னு கண்டுபிடி."

கண்டுபிடி என்று என்னிடம் ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. தலைகால் புரியவில்லை எனக்கு. மேஜையைச் சுற்றி இரண்டு கை தூரத்தில் கயிறு கட்டினேன். பார்க்க வருகிறவர்களின் கையை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாள் காலை மேகம் இன்னும் கொஞ்சம் நகர்ந்திருந்தது. அப்படியென்றால் வெளியாள் இல்லை. உள்ளாள். உள்ளாள் என்றால் நான், செக்ரட்டரி, சுடலைமுத்து அண்ணாச்சி. செக்ரட்டரி அந்தப் பக்கமே வரமாட்டார். என்னை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், கவனியுங்கள். ஒருவரைச் சந்தேகிக்க ஆரம்பித்த பிறகு அவர் செய்வதெல்லாம் குற்றமாகவே தெரியும். அண்ணாச்சியை அந்த அறைக்குள் பெருக்க வேண்டாம் என்றேன். "சரி தம்பி" என்று உடனே ஒத்துக்கொண்டார். ஏன் உடனே ஒத்துக்கொண்டார் என்று எழுதி வைத்தேன். நான் பார்த்துக்கொண்டே நின்றதில் அவர் கையிலிருந்த விளக்குச் சிம்னி நழுவி உடைந்தது. பத்து வருஷமாக ஒன்றைக்கூட உடைக்காத ஆள். கை ஏன் நடுங்குகிறது என்று அதையும் எழுதினேன். கண்ணைப் பார்த்துப் பேசமாட்டேன் என்கிறார் என்றும் எழுதினேன். நாள் முழுக்க ஒருத்தன் முறைத்துக்கொண்டே நின்றால் யார்தான் அவன் கண்ணைப் பார்ப்பார்கள்? இப்போது கேட்கிறேன், அப்போது தோன்றவில்லையே!

பிறகு பொறி வைத்தேன். சாயங்காலம் நகல் எடுத்துவிட்டு, கதவைப் பூட்டி, தாழ்ப்பாளில் நூல் சுற்றி, அரக்கு வைத்து, என் மோதிரத்தால் முத்திரை குத்தினேன். காலையில் முத்திரை அப்படியே இருந்தது. உள்ளே மேகம் நகர்ந்திருந்தது. புத்தியுள்ளவன் என்ன நினைத்திருப்பான்? யாரும் உள்ளே போகவில்லை என்று நினைத்திருப்பான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அண்ணாச்சி முத்திரையைக் கள்ளத்தனமாக வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார் என்று. ஒரு நாளைக்கு மூன்று தடவை நகல் எடுக்க ஆரம்பித்தேன். மேகம் முன்பைவிட வேகமாக நகர்ந்தது. எவ்வளவு காவல் வைத்தாலும் கலைக்கிறாரே, என்ன துணிச்சல் என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

பத்தாம் நாள் காலை, அண்ணாச்சி சாவிக் கொத்தோடு வந்தபோது அவருடைய ஆள்காட்டி விரலைப் பார்த்தேன். நகக்கண்ணில் கறுப்பு.

"அண்ணாச்சி, விரலைக் காட்டுங்க. இது என்ன?"

"உமிக்கரி தம்பி. இப்பத்தானே பல்லு வெளக்கிட்டு வாரேன்."

"உமிக்கரியா, விளக்குக் கரியா?"

அவருக்கு நான் என்ன கேட்கிறேன் என்பதே முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்துப் போனது. "ஏ தம்பி, என்னயவா கேக்க? மாடன் மேல ஆணையாச் சொல்லுதேன், நான் அந்தப் படத்துப் பக்கமே போவல. நீ போவாதேன்னு சொன்ன, நான் போவல. எம் மவளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன், நான் போயி இப்படிச் செய்வனா?"

நானும் அன்று காலை அதே உமிக்கரியில்தான் பல் விளக்கினேன். என் நகக்கண்ணிலும் அதே கறுப்பு இருந்திருக்கும். பார்க்கவில்லை. அவரைக் கையைப் பிடித்துச் செக்ரட்டரி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். செக்ரட்டரி அந்த விரலையும் என் ரிஜிஸ்டரையும் பார்த்தார், அண்ணாச்சியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சாவியைக் கொடுத்துட்டுக் கிளம்பு. கோலியையும் காலி பண்ணிடு," என்றார். அவ்வளவுதான், பத்து வருஷ வேலை.

இத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். அன்று சாயங்காலம் தாராவியில், எங்கள் ஊர்க்காரர்கள் கூடும் டீக்கடையில், எப்படிக் கள்ளனைப் பிடித்தேன் என்று கதை சொன்னேன். அரக்கு முத்திரை, உமிக்கரி, எல்லாவற்றையும் கண் காது மூக்கு வைத்துச் சொன்னேன். "ஏ காசிமு, நீ போலீசுல சேந்திருக்கணும்வே!" என்று ஒருவர் முதுகில் தட்டினார். மேஸ்திரி வீடு அங்கிருந்து ஐந்தாவது சந்து. மறுநாளே அவர் காதுக்குப் போய்விட்டது.

கண்காட்சியின் கடைசி நாள் விசாலம் அம்மாள் வந்தார். அண்ணாச்சி போயே இரண்டு நாள் ஆகியிருந்தது, ஆனாலும் மேகம் நகர்ந்துகொண்டுதான் இருந்தது. அவர் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ தட்டைக் குனிந்து பார்த்துவிட்டுச் சின்னப் பெண்போல் கையைத் தட்டினார்.

"எவ்வளவு மாறியிருக்கு பாத்தேளா! நான் இவ்வளவு எதிர்பார்க்கலை."

நான் நகல்களை எடுத்து நீட்டினேன். அவர் அவற்றைத் தரையில் வரிசையாகப் பரப்பி, ரொம்ப நேரம் பார்த்தார்.

"காசிம், இதை வரையறச்சே எந்தப் பக்கம் நின்னேள்?"

மேஜை விளக்கின் வயர் எட்டுகிற பக்கம் ஒன்றுதான். எப்போதும் அங்கேதான் நிற்பேன். காட்டினேன். மேகம் அந்தப் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் நோக்கி ஒதுங்கியிருந்தது. யாரோ ஊதி ஊதித் தள்ளியதுபோல.

"உங்க மூச்சுதான்," என்றார். "அதுதான் படமே. எலெக்ட்ரான் எங்கே இருக்குன்னு பாக்கணும்னா அது மேல வெளிச்சம் படணும். பட்ட உடனே அது இருந்தபடி இருக்காது. பாக்கறவா யாரும் சும்மா பாக்க முடியாது, காசிம். பாக்க வர்றவா மூச்சுல கொஞ்சம் கொஞ்சமாக் கலையட்டும்னுதான் இப்படி வச்சேன். முன்னாடியே சொல்லியிருந்தா எல்லாரும் மூச்சைப் பிடிச்சுண்டு நிப்பா. அதனால சொல்லலை."

சாயங்காலம் நகல் எடுத்தேன், முத்திரை வைத்தேன், காலையில் மாறியிருந்தது என்றேனே. கடைசிக் கட்டத்தை வரைந்து முடிப்பதற்குள் முதல் கட்டம் மாறிவிட்டிருக்கிறது. பத்து நாளும் குற்றவாளி மேஜைமேல் குனிந்து நின்று ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அம்மா, இதுக்காக ஒரு ஆளை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. நான்தான் பிடிச்சுக் கொடுத்தேன்."

அவர் முகத்திலிருந்த சந்தோஷம் எங்கே போனதென்று தெரியவில்லை. "ஐயோ, சொல்லித் தொலைச்சிருக்கலாமே நான்," என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். இரண்டு பேரும் செக்ரட்டரியிடம் போனோம். அவர் பொறுமையாகக் கேட்டார். ஆனால் அண்ணாச்சியைத் திரும்பக் கூப்பிட்டால் கமிட்டி தப்புச் செய்தது என்றாகிவிடுமாம். "உன் சயின்ஸ் சரியா இருக்கலாம் விசாலம். ஆபீஸ்னு ஒண்ணு இருக்கோன்னோ?" என்றார். அந்தப் பேச்சுக்கு அவர் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும் நான். பிடிக்கவில்லை. எனக்கும் அங்கே வேலை இருந்தது.

வெளியே வந்ததும், பேச்சியின் கல்யாணத்தையும் என் டீக்கடைப் பேச்சு மேஸ்திரி வரை போனதையும் சொன்னேன். விசாலம் அம்மாள், "அந்தப் பொண்ணோட சம்பந்தி ஆத்துக்கு நானும் வரேன்," என்றார். நான் வேண்டாம் என்றேன். எங்கள் ஆட்களிடம் என் வார்த்தை போதும் என்று எனக்கு நம்பிக்கை. நான் ஆக்கியதை நானே அழித்துவிடலாம் என்று நினைத்தேன்.

அண்ணாச்சி செம்பூரில் ஒரு கட்டிட வேலையில் செங்கல் சுமப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். ஐம்பது வயதுக்கு மேல் தலையில் செங்கல். என்னைப் பார்த்ததும் சும்மாட்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். நடந்ததைச் சொல்லி அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். அவர் அழவில்லை.

"நான் தொடலன்னு அன்னைக்கே சொன்னம்லா?" என்றார். "வேலை கெடக்கட்டும். மேஸ்திரி கல்யாணத்த நிறுத்தி வச்சிருக்காரு. களவாணிப் பய மவள எடுக்க மாட்டேங்காரு. நீ வந்து அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லு. அது ஒண்ணு போதும்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் மூன்று பேர், அண்ணாச்சி, அவர் மனைவி, நான், மேஸ்திரி வீட்டுக்குப் போனோம். கோலியைக் காலி செய்த பிறகு தங்கியிருந்த உறவுக்காரர் வீட்டில் பேச்சியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். மேஸ்திரி நாலைந்து பெரியவர்களைக் கூட்டி வைத்திருந்தார். நான் எழுந்து நின்று, கரி, மூச்சு, நூல் சட்டம், எலெக்ட்ரான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். எலெக்ட்ரான் என்றபோது இரண்டு பேர் சிரித்தார்கள். விட்டுவிட்டேன். "சுடலைமுத்து அண்ணாச்சி குத்தமில்லாதவரு. படத்தைக் கலைச்சது நான்தான். என்னைச் செருப்பால அடிச்சாலும் சரி," என்று முடித்தேன்.

மேஸ்திரி வெற்றிலையை மென்றுகொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார். என்ன பார்வை அது! அந்தப் பத்து நாள் நான் அண்ணாச்சியைப் பார்த்த பார்வை அப்படித்தான் இருந்திருக்கும்.

"ஏ காசிமு," என்றார், நிதானமாக. "அன்னைக்கு டீக்கடையில இவருதான்னு சத்தியம் பண்ணாத கொறையாச் சொன்னவன் நீ. இன்னைக்கு இவரு இல்ல, என் மூச்சுன்னு சொல்லுத. மூச்சு விட்டு எவனாவது படத்த அழிப்பானாவே? இவரு உன் கால்ல கையில விழுந்தாரோ, இல்ல ஏதும் தந்தாரோ, எனக்குத் தெரியாது. ரெண்டு நாளும் பேசினது ஒரே வாய்தான். இதுல எத நான் நம்ப?"

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னது அத்தனையும் உண்மை. சொல்லச் சொல்ல எனக்கே பொய்போலக் கேட்டது. விசாலம் அம்மாளையாவது கூட்டி வந்திருக்கலாமே என்று அப்போதுதான் உறைத்தது. அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எந்திரி, போவோம்," என்றார். என்னிடம் இல்லை, மனைவியிடம்.

சந்து முனை வரை அவர்கள் பின்னாலேயே நடந்தேன். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாஹிம் பக்கம் போகிற ரோட்டில் ஏறும்போது அண்ணாச்சி நின்றார். திரும்பாமலே கேட்டார்.

"வீட்டுல பிள்ள வாசலப் பாத்துக்கிட்டு நிக்கும் தம்பி. போயி நான் என்னத்தச் சொல்ல?"